நோயோடு கருவுற்ற பெண்ணும் வீட்டுப் பிரசவமும்

வீட்டுப் பிரசவம் பாதுகாப்பானதா என்ற கேள்வி இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை நோய் ஏதுமற்ற பெண்களைப் பற்றியவை. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கடுமையான இரத்தசோகை, முந்தைய சிசேரியனின் தழும்பு ஆகியவற்றுள் ஒன்றோடு கருவுற்றிருக்கும் பெண் தன் வீட்டிலேயே பிள்ளை பெற விரும்பினால் அவளுக்கு என்ன சொல்வது என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதாக எடுத்துக்கொள்வதுதான் இவ்விவாதத்தில் திரும்பத் திரும்ப நேரும் பிழை. வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்போர் நலமுள்ள பெண்களின் கணக்கைக் காட்டி நோயுள்ளவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுகின்றனர். எதிர்ப்போர் நோயுள்ளவர்களின் ஆபத்தைக் காட்டி நலமுள்ளவர்களை அச்சுறுத்துகின்றனர்.

இங்கே திட்டமிட்ட வீட்டுப் பிரசவம் என்பது, பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவச்சி முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும் சிசுவுக்கு மூச்சூட்டும் கருவியும் உடன்கொண்டு, சிக்கல் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பதை வகுத்துக்கொண்டு வீட்டில் பார்க்கும் பிரசவத்தைக் குறிக்கும். மருத்துவமனைக்குப் போகும் வழியில் நேர்ந்துவிடும் பிரசவமும், பயிற்சி பெற்ற எவருமின்றிக் குடும்பத்தார் மட்டும் பார்க்கும் பிரசவமும் இதனுள் அடங்கா. பிரசவம் நடக்கும்போதோ அதன் பின்னரோ தாய்க்கோ சிசுவுக்கோ உயிராபத்து நேரும் வாய்ப்பைக் கூட்டும் நோயோ, முன்வரலாறோ இருப்பின் அதுவே அதிக ஆபத்துள்ள கர்ப்பம் எனப்படுகிறது.

இங்கிலாந்தில் 1970-இல் வெளியான பீல் குழுவின் அறிக்கை எல்லாப் பெண்களுக்கும் மருத்துவமனையிலேயே பிரசவ வசதி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அதற்கு ஆதாரமாக எந்த ஒப்பீட்டு ஆய்வும் இருக்கவில்லை. மருத்துவமனைப் பிரசவம் பெருகியதும் சிசு மரணம் குறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதற்காக ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று புள்ளியியலாளர் மார்ஜரி ட்யூ வாதிட்டார். 1992-இல் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, பாதுகாப்பைக் காரணம் காட்டி எல்லாப் பெண்களையும் மருத்துவமனைக்கு அனுப்பும் கொள்கைக்கு நியாயம் இல்லை என்று முடிவு செய்தது. இவ்வாறு கொள்கை இரு திசையிலும் திரும்பிய பிறகே, 2011-இல், நம்பத்தக்க பெரிய கணக்கு ஒன்று வெளியானது.

இங்கிலாந்தின் பிரசவ இட ஆய்வு என அறியப்படும் அந்த ஆய்வு, ஆபத்துக் குறைந்த 64,538 பெண்களைப் பின்தொடர்ந்தது. பிரசவ வலி தொடங்கிய பின் நேரும் சிசு மரணம், மூச்சுத்திணறலால் வரும் மூளைப் பாதிப்பு, தோள் நரம்புக் காயம் முதலியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே அளவுகோலாக அது வைத்துக்கொண்டது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் இந்த அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தலைச்சன் பிரசவத்திலோ, மருத்துவமனையில் 1,000-க்கு 5.3 ஆக இருந்த பாதிப்பு வீட்டைத் தேர்ந்தவர்களிடம் 9.3 ஆக இருந்தது. அதைவிட முக்கியமானது, வீட்டில் தொடங்கிய தலைச்சன் பிரசவங்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இடையிலோ பிரசவம் முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர் என்பது. முன்பே பிள்ளை பெற்றவர்களில் இது நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆகவே அந்த நாட்டின் வீட்டுப் பிரசவம் மருத்துவமனைக்கு மாற்றாக நிற்பது அன்று. மருத்துவமனையைப் பின்பலமாகக் கொண்டே நிற்பது. நெதர்லாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வேறுபாடில்லை என்று கண்டதும் இதே அடிப்படையில்தான்: எந்தெந்த நோயுள்ள பெண்ணை மருத்துவச்சி தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளாமல் மகப்பேறு மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பட்டியல் அந்நாட்டில் உண்டு. அந்தப் பட்டியலால் விலக்கப்பட்ட பெண்களுக்கு அந்த ஆய்வின் முடிவு பொருந்தாது.

விலக்கப்பட்ட பெண்களைப் பற்றிய சான்று சிறியது, சிக்கலானது. மருத்துவ ஆராய்ச்சியில் மிக உறுதியான முறை, பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடுவது. பிரசவ இடத்தைக் குலுக்கலுக்கு விட எந்தப் பெண்ணும் எளிதில் இசைவதில்லை என்பதால், இங்கிலாந்தில் நடந்த அத்தகைய முயற்சி ஒன்றில், அதுவும் ஆபத்துக் குறைந்தவர்களில், பதினொரு பேரே சேர்ந்தனர். நோயுள்ளவர்களை அவ்வாறு பிரிப்பது அறமும் ஆகாது. எனவே, தாமாகவே வீட்டைத் தேர்ந்தவர்களை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரசவ இட ஆய்வின் ஒரு பகுதியாக 2015-இல் வெளியான கணக்கில், அதிக ஆபத்துள்ளவர்களாக வகைப்படுத்தப்பட்டும் வீட்டைத் தேர்ந்த 1,489 பெண்கள், மருத்துவமனையைத் தேர்ந்த 6,691 பெண்களோடு ஒப்பிடப்பட்டனர். சிசு மரணம், கடும் பாதிப்பு, 48 மணி நேரத்துக்கு மேல் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருத்தல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வீட்டைத் தேர்ந்தவர்களிடம் பாதிப்பு ஏறக்குறையப் பாதியாகத் தோன்றியது. சிசுப் பிரிவில் சேர்க்கப்பட்டதை நீக்கிவிட்டு, மரணத்தையும் கடும் பாதிப்பையும் மட்டும் எண்ணியபோது திசை மாறி, வீட்டுப் பிரசவத்தில் பாதிப்பு 1.92 மடங்கு ஆயிற்று; எனினும் அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருந்தது. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி வீடே மேல் என்று கூறுவது நேர்மையன்று. சிசுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது மருத்துவமனையின் வழக்கத்தையும் பொறுத்தது, மரணம் அவ்வாறு அன்று. மேலும் இரு குழுவிலும் இருந்த பெண்களின் நோய்க் கடுமை சமம் என்று கொள்ளவும் முடியாது.

தெளிவான எச்சரிக்கை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே 1985 முதல் 1990 வரை நடந்த 7,002 திட்டமிட்ட வீட்டுப் பிரசவங்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஆய்வு, மிகுதியாக நேர்ந்த மரணங்களுக்கு இரண்டு காரணங்களைச் சுட்டியது: நாள் கடந்த கர்ப்பம், இரட்டைச் சிசு, தலைமேலாக இருக்கும் சிசு ஆகியவற்றின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டது ஒன்று, சிசுவின் துடிப்பு தளர்ந்தபோது உரிய நேரத்தில் செயற்படாதது மற்றொன்று. அமெரிக்க மருத்துவச்சிகள் தாங்களே 2004 முதல் 2009 வரை திரட்டிய ஏறத்தாழ 17,000 வீட்டுப் பிரசவங்களின் பதிவும் இதையே காட்டுகிறது. முன்பே பிள்ளை பெற்ற, சிசேரியன் தழும்பில்லாத பெண்களிடம் பிரசவத்தின்போது நேர்ந்த சிசு மரணம் 1,000-க்கு 0.66, தழும்போடு வீட்டில் முயன்றவர்களிடம் அது 2.85. வீட்டுப் பிரசவத்தில் நம்பிக்கை உள்ளவர்களே தொகுத்து வெளியிட்ட கணக்கு என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இனி நோய்களைத் தனித்தனியே நோக்க வேண்டும். ஏனெனில் அதிக ஆபத்து என்ற ஒரே பிரிவில் அடைக்கப்படும் நிலைகள் ஒரே தன்மையின அல்ல. எந்த நோயில், பிரசவத்தின் எந்தக் கட்டத்தில், எத்தனை நிமிடத்துக்குள் எது கிடைக்க வேண்டும் என்பதே ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி.

இதய நோயில் தொடங்குவது பொருத்தம். ஏனெனில் இங்கேதான் பொதுப்புரிதல் மிக அதிகமாகத் தவறுகிறது. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறையப் பாதியளவு கூடுகிறது. குழந்தைப் பருவத்தில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலின் விளைவாக இதயத்தின் இடப்பக்க ஈரிதழ் வால்வு சுருங்கிய பெண்ணுக்கு, அந்தக் குறுகிய வழியாக இரத்தம் கடக்க ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே போதிய நேரம் தேவை. வலியும் அச்சமும் முக்கலும் துடிப்பை விரைவுபடுத்தும்போது அந்த நேரம் குறைந்து இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கித் தன்னிடமிருந்த இரத்தத்தைத் திடீரென்று உடலோட்டத்துக்குத் திருப்பி விடுவதால், சுற்றியிருப்போர் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மகிழும் நேரமே அவளுக்கு மிக ஆபத்தான நேரமாகிறது. அடுத்த ஓரிரு நாள்கள் அவள் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் இதய நோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, மற்ற வகைகளைவிட அதிகமாகக் காணப்பட்டது இந்த மூட்டுவாத வகை நோயே. எனவே தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு மருத்துவ நூல்கள் பரிந்துரைப்பதும் சிசேரியனை அன்று, வலி தணிக்கப்பட்ட இயல்பான பிரசவத்தையே. இயல்பாகப் பெற வேண்டும் என்ற பெண்ணின் விருப்பத்தை மருத்துவம் மறுக்கவில்லை. வீட்டில் பெறுவதையே மறுக்கிறது.

இரத்தப்போக்கின் கணக்கு இன்னும் நேரடியானது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பின் கருப்பைத் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூடவில்லையெனில் இழப்பு நிமிடங்களில் பெருகும். நலமுள்ள பெண் அரை லிட்டர் இழப்பைத் தாங்கிக்கொள்வாள். ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்குக் கீழே உள்ளவள் தாங்கமாட்டாள். கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப்பட வேண்டியது. இரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், இருபதாயிரம் பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் உயிர் காக்கிறது. இரத்தம் ஏற்றுவதற்கோ வீட்டில் வழியே இல்லை.

கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் கழியும் நிலை, முற்றினால் வலிப்பாக மாறும். பேறுகால வலிப்பு பிரசவத்துக்கு முன்னும், நடுவிலும், பிள்ளை பிறந்த பின்னும் வரக்கூடியது. மெக்னீசியம் சல்பேட் மருந்து இந்த வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்குப் பாதி குறைக்கிறது என்பதைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆனால் அம்மருந்தை மூச்சின் எண்ணிக்கையையும் சிறுநீரின் அளவையும் பார்த்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். இந்நிலையில் வீடு பேச்சுக்கே உரியதன்று.

சிசேரியன் தழும்பு மேற்கூறியவற்றைவிட நுணுக்கமான நிலை. அடுத்த பிரசவத்தை இயல்பாக முயல்பவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு முதல் எழுபத்தைந்து பேர் வெற்றி பெறுகின்றனர். தழும்பு கிழியும் வாய்ப்பு ஏறத்தாழ இருநூறில் ஒன்று. இருநூறில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அது நேரும்போது, பெரும்பாலும் சிசுவின் இதயத்துடிப்பில் காணும் மாறுதலே முதல் அறிகுறி. அறிகுறிக்கும் அறுவைக்கும் இடையில் இருக்க வேண்டியது சில நிமிடங்கள் மட்டுமே. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி இம்முயற்சியை ஊக்குவித்துக்கொண்டே, தொடர்ந்த கண்காணிப்பும் உடனடி அறுவை வசதியும் உள்ள இடத்திலேயே அது நடக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சர்க்கரை நோயில், பெரிதாக வளர்ந்த சிசுவின் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும், பிறந்த சில மணி நேரத்தில் சிசுவின் இரத்தச் சர்க்கரை சரியும் ஆபத்தும் உண்டு. இன்சுலின் தேவைப்படுபவளின் நிலையும், கர்ப்பத்தில் மட்டும் தோன்றி உணவுக் கட்டுப்பாட்டில் அடங்கிய சர்க்கரையின் நிலையும் ஒன்றாகா என்றாலும், இரண்டாமவரின் சிசுவுக்கும் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஒருவர் வேண்டும்.

இவற்றிலிருந்து விலகி நிற்கும் நிலைகளும் உண்டு. தாயின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருத்தல், ஓரளவு மிகுந்த உடல் எடை, நான்கோ மேலோ முன்பிரசவங்கள், மிதமான இரத்தசோகை ஆகியவற்றை இங்கிலாந்தின் நைஸ் என்னும் வழிகாட்டு நிறுவனம் தானாகவே மருத்துவமனைக்கு அனுப்பும் பட்டியலில் சேர்க்காமல், ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியே மதிப்பிட்டு முடிவு செய்யுமாறு இரண்டாவது பட்டியலில் வைத்தது. அறிவுடைய அணுகுமுறை இதுவே. எல்லாவற்றையும் ஆபத்து என்று முத்திரை குத்தினால், உண்மையான ஆபத்தைச் சொல்லும்போதும் பெண்கள் நம்பாமற் போகின்றனர்.

நோய் இருப்பது தெரிந்தும் பெண்கள் ஏன் வீட்டை நாடுகின்றனர் என்பதை அறியாமல் இந்தக் கேள்வி முழுமை பெறாது. நெதர்லாந்தில் மருத்துவ அறிவுரைக்கு மாறாகப் பிரசவ இடத்தைத் தேர்ந்த 28 பெண்களிடம் உரையாடி 2017-இல் வெளியான ஆய்வு, தன் உடலைப் பற்றிய முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்ற வேட்கையையும், விருப்பத்தைச் சொன்னபோது மருத்துவமனையோடு எழுந்த மோதலையும் முதன்மையான காரணங்களாகக் கண்டது. அறியாமை அன்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் கேட்டவற்றுள் பல, மருத்துவமனையிலேயே கொடுத்திருக்கக்கூடியவை.

சட்டம் இவ்விடத்தில் உறுதியாகப் பேசியிருக்கிறது. இங்கிலாந்தில் 1996-இல், கடுமையான இரத்த அழுத்தத்தோடு முப்பத்தாறு வாரக் கர்ப்பமாயிருந்த ஒரு பெண் சிகிச்சையை மறுத்து இயற்கையாகவே பெற விரும்பியபோது, மனநலச் சட்டத்தின்கீழ் அடைத்துவைக்கப்பட்டு, அவள் சம்மதமின்றிச் சிசேரியன் செய்யப்பட்டாள். தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்செயலைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தெளிந்த மனமுடைய பெண் தன் உயிருக்கும் சிசுவின் உயிருக்கும் ஆபத்து இருப்பினும் மறுக்கலாம் என்றது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் மறுபக்கத்தைச் சொன்னது. சர்க்கரை நோயுள்ள தாய்க்குச் சிசுவின் தோள் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து அளவில் இருந்தும் மருத்துவர் அதைச் சொல்லவில்லை. தோள் சிக்கி, குழந்தை மூளை முடக்குவாதத்தோடு வாழ நேர்ந்தது. தன் முடிவுக்கு இன்றியமையாத ஆபத்தை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது அத்தீர்ப்பு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் ஹங்கேரி வழக்கில் பிரசவச் சூழலைத் தேர்வது தனிவாழ்வு உரிமையின் பகுதி என்றும், 2016-இல் செக் நாட்டு வழக்கில் வீட்டுப் பிரசவத்துக்கு மருத்துவச்சியை அரசு அனுமதிக்காதது உரிமை மீறல் ஆகாது என்றும் கூறியது. ஆக, மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. உண்மையை முழுதாகச் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு. முதலாவது இருப்பதால் உடலியல் மாறிவிடுவதில்லை. இரண்டாவதை நிறைவேற்றாத மருத்துவருக்கு முதலாவதைக் குறை கூறத் தகுதி இல்லை.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. 2018-20 காலத்தில் லட்சம் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறக்க, இங்கே அது 54. வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும், மருந்துப்பையும் மருத்துவமனைத் தொடர்பும் உடைய மருத்துவச்சி முறை இங்கே அரசு அமைப்பில் இல்லை. எனவே இங்கிலாந்தின் எண்களைக் காட்டி இங்கே வீட்டில் பெறச் சொல்வோர், அந்த எண்களை உண்டாக்கிய ஏற்பாடு எதையும் தருவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளிகளை நம்பி வீட்டில் பிரசவம் பார்க்கப்பட்ட பெண் ஒருவர் இரத்தப்போக்கால் இறந்தார். நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள் என்ற வாதமும் நோயுள்ளவர்களுக்குச் செல்லாது: முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பெண், 1922-இல் இன்சுலின் மனிதருக்குக் கொடுக்கப்படும் முன்னர், பிள்ளை பெறும் வயது வரை வாழ்வதே அரிது, செயற்கை வால்வு பொருத்தப்பட்டவளின் கர்ப்பமும் அத்தகையதே. இவர்கள் தாயாக முடிந்ததே மருத்துவத்தால்தான்.

முன்னே கூறிய தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன் என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 என்றும் கூறுகிறது. இந்த அளவுக்கு மருத்துவக் காரணம் இருக்க முடியாது என்று பெண்கள் ஐயுறுவதில் தவறில்லை. இன்றைய தேவையற்ற ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தில் ஒரு தழும்பை, ஓர் ஆபத்தைக் கொண்டுவருகிறது என்பதையும் மறக்கலாகாது. பிரசவ வார்டில் ஏச்சும் அடியும், கேளாமலே பிறப்புவாயைக் கத்தரித்தலும், மல்லாந்தே படுக்க வேண்டும் என்ற கட்டாயமும் எங்கெல்லாம் எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் வீட்டை நாடுவோர் இருப்பர். விரும்பிய துணையை உடன்வைத்துக்கொள்ளல், நடமாடல், விரும்பிய நிலையில் முக்கல், பிறந்த சிசுவை உடனே மார்பில் சேர்த்தல் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்துள்ளது. இவற்றுள் பெரும்பாலானவற்றை நோயுள்ள பெண்ணுக்கும், கண்காணிப்பைக் கைவிடாமலே கொடுக்க முடியும்.

மேலே கூறிய இதய நோய், கடும் இரத்த அழுத்தம், கடும் இரத்தசோகை, சிசேரியன் தழும்பு, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் ஆகியவற்றுள் ஒன்றை உடைய பெண் தமிழ்நாட்டில் இன்று வீட்டில் பிள்ளை பெறுவதற்கு ஆதரவாக எந்தச் சான்றும் இல்லை. அவள் தன் விருப்பங்களை ஏழாம் எட்டாம் மாதத்திலேயே மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். செவிகொடுக்காத மருத்துவமனையை விட்டு, இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள வேறொரு மருத்துவமனையைத் தேடட்டும். அதையும் மீறி வீட்டில் பிரசவம் தொடங்கிவிட்டால், ஏச்சுக்கும் காவல்துறைக்கும் அஞ்சி நேரத்தைக் கடத்தாமல் குடும்பத்தார் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அப்படி வந்து சேரும் பெண்ணிடம் ஏன் வீட்டில் பார்த்தாய் என்று கேட்பதற்கு முன், பணியில் இருப்போர் இரத்தப்போக்கை நிறுத்த வேண்டும்.